இடது காது

ஜன்னல் பக்கம் நானா? நீங்கதான தம்பி முதல்ல வந்து அங்க உக்காந்தீங்க. காத்து வேண்டாமா? சரி, மாறிக்கிடுவோம், எனக்கென்ன. எந்திரிங்க. ஆங், இப்ப சரியா? கொஞ்சம் நெருக்கந்தான். எனக்கு வலது கைய வீசி உக்காந்தே பழகிப்போச்சு, இங்க கம்பி இடிக்கி. பரவால்ல, கொஞ்ச நேரந்தான.

உங்களுக்கு எங்க இறங்கணும்? யுனிவர்சிட்டி கேட்டா? அட, நானும் அங்கனதான். கிறிஸ்தவ யுனிவர்சிட்டியாச்சே, நீங்களும் நம்ம வேதக்காரங்களா? சந்தோஷம். இறங்கும்போது ஒரு குரல் குடுங்க. கண்டக்டர் சொல்லுதான், கேட்டுல வண்டி ஒரு நிமிஷந்தான் நிக்குமாம். விட்டா மலையேறிருமாம். மேல போயித்தான் நிக்குமாம், திரும்பி வர பஸ்சு சாயங்காலந்தானாம். எனக்கு சாயங்காலம் ஆவாது தம்பி. சாயங்காலம் அவளுவ ரெண்டு பேரும் ரயிலேறிருவாளுவ. பிறகு நான் எங்கன்னு போயித் தேட?

யாரா? எம் பொண்டாட்டியும் எம் பொண்ணுந்தான். ரெண்டு பேரையும் தரதரன்னு இழுத்துட்டு வரத்தான் போயிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை, எல்லாரும் ஆராதனைக்குப் போயிருப்பாவ, கேட்டுல ஒரு வாச்மேன்தான் இருப்பான். அவனுக்கு ஒரு அறை போதும். எங்க வீட்டம்மா அங்க ஹாஸ்டல் மெஸ்ல வேலைக்குச் சேந்திருக்கா. எம் பொண்டாட்டி மெஸ்ல தோசை சுடுதா! என் மானம் போவுதா இல்லியா, நீங்களே சொல்லுங்க.

நான் டிரில் மாஸ்டர். ஐசக்னு பேரு. இப்ப ரிட்டயர்டு. தேரிக்காட்டுப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம், பையங்க மட்டும். சேந்த நாள்லேருந்து கடைசி வரைக்கும் ஒரே பள்ளிக்கூடம். பெரம்பு எடுக்கவே மாட்டேன் தம்பி. பெரம்பெல்லாம் கணக்கு வாத்தியாருக்கு. எனக்கு இந்தக் கை போதும். அட்டென்ஷன் சொன்ன பிறகு வரிசைல ஒருத்தன் அசைஞ்சான்னு வைங்க, அவனுக்கு நேர் முன்னால போயி நிப்பேன். ஒரு வார்த்த பேசமாட்டேன். சப்புன்னு ஒண்ணு. பையன் ஒரு சுத்து சுத்தி அதே இடத்துல வந்து நிப்பான். சில பயலுக்கு மூக்குல ரத்தம் வரும். சில பய ஒண்ணுக்குப் போயிருவான். ஆனா அதுக்குப் பிறகு அசையமாட்டான். ஈ வந்து கண்ணுல உக்காந்தாலும் அசையமாட்டான். கலெக்டரே ஒரு சுதந்திர தினத்துக்கு வந்து பாத்துட்டு, என்ன சார், பையங்களா, நட்டு வச்ச கம்பான்னு கேட்டாரு. எனக்கு நெஞ்சு அப்பிடியே நிறைஞ்சுட்டு.

வீட்டுலயும் அப்பிடித்தான். ஜெபக்கனி, அதான் எங்க வீட்டம்மா, கட்டின புதுசுல நல்ல பொம்பளதான். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவா. வர வர என்னாச்சுன்னா, கூப்பிட்டா திரும்புறதில்ல. அடுப்படில நிப்பா. வாசப்படில நின்னு 'ஏட்டி'ம்பேன். அவ பாட்டுக்குச் சட்டியக் கிண்டிக்கிட்டு நிப்பா. எனக்கு வரும் பாருங்க ஆத்திரம்! போயி நாலு குடுத்தா ரெண்டு நாள் ஒழுங்கா இருப்பா, பிறகு பழையபடி. ஒரு தடவ கொதிக்கிற குழம்போட சேத்துத் தள்ளினேன், கழுத்துல இன்னும் தழும்பு கிடக்கு. அப்பவும் திருந்தல. அடிக்க அடிக்க அவளுக்குத் திமிர் கூடுதே ஒழிய குறையல தம்பி. இத யாருகிட்ட போயிச் சொல்ல? கடைசில பள்ளிக்கூட விசில எடுத்துட்டேன். ஒரு விசிலடிச்சா வரணும், ரெண்டு அடிச்சா சாப்பாடு வைக்கணும். அதுக்கு மட்டும் திரும்புவா. ஐயரு கூட, அதான் எங்க சர்ச் பாஸ்டர், ஒரு நாள் வீட்டுக்கு வந்தவரு விசிலப் பாத்துட்டுச் சிரிச்சாரு. சிரிச்சாரா முறைச்சாரான்னு இப்ப ஞாபகமில்ல.

பொண்ணு ஹெப்சிபா. ஒத்தப் பிள்ள. நல்லாப் படிப்பா. நர்சுக்கு விடலாம்னு இருந்தேன். ஐயருதான் சர்ச் கோட்டால இந்தச் சீட்ட வாங்கிக் குடுத்தாரு. பேச்சும் காதும் பத்தின படிப்பாம். திக்குற பிள்ளையளப் பேச வைக்கது, காது கேக்காதவங்களுக்கு மிஷின் மாட்டுறது. ஆளும் ஆளும் எப்பிடிப் பேசிக்கிடணும்ங்கதையே அங்க பாடமா நடத்துதாவளாம், நாலு வருஷம்! நான் கேட்டேன், இதுக்கு எதுக்கு ஐயரே நாலு வருஷம், எங்க வீட்டுல ஒரு விசில்ல முடிஞ்சிருதேன்னு. வெளிநாட்டுல நல்ல கிராக்கின்னாரு. சரின்னு சேத்துவிட்டேன்.

இடம் நல்ல இடந்தான், குறை சொல்லக் கூடாது. காலைல சேப்பல்ல பாட்டு, ஜெபம். அதுக்குப் பிறகுதான் கிளாஸ். வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டுப் பிள்ளைங்க அங்கயும் இங்கயும் போகும். ஒரு தடவ பாக்கப் போயிருந்தேன். ஹெப்சி ஒரு சின்னப் பையன முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. திக்குற பையன். பேரச் சொல்லுன்னா, ம... ம...ங்கான். இவ அப்பிடியே கன்னத்துல கைய வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கா. எம்புட்டு நேரம்! நான் பொறுத்துப் பாத்துட்டு, 'ஏலே, வாயத் தொறந்து சட்டுன்னு சொல்லுலே'ன்னு ஒரு சத்தம் விட்டேன். அவன் முழு வாயையும் மூடிட்டான். அன்னிக்கு முழுக்கத் தொறக்கலியாம். அவனோட அம்மா என்னமோ என்ன எரிச்சுருத மாதிரி பாத்தா. ஹெப்சி என் முகத்தையே பாக்கல. அப்பவே அவளுக்கு ஒரு மாதிரி திமிர் ஏறியிருந்துச்சு. அம்மா மாதிரியேதான்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். அங்க ஒரு வழக்கம் இருக்கு தம்பி. முதல் வருஷப் பிள்ளையளுக்கு மிஷின் பழக்கணும்லா, அதுக்கு வெளியாள் கிடையாது. பிள்ளைங்களே ஒருத்திக்கொருத்தி காதப் பாத்துக்கிடணும். ஒருத்தி சத்தம் புகாத ரூமுக்குள்ள உக்காருவா, ஒருத்தி வெளிய நின்னு சத்தத்தக் குடுப்பா. கேட்டா உள்ள இருக்கவ கையத் தூக்கணும், அம்புட்டுத்தான். அப்பிடிப் பாக்கும்போது எம் பொண்ணு வலது காதுக்கெல்லாம் கையத் தூக்குதா, இடது காதுக்குச் சும்மா உக்காந்திருக்கா. கூடப் படிக்கிற பிள்ள, ஏதோ நாம தப்பா அழுத்திட்டோம்னு மறுபடியும் மறுபடியும் போட்டிருக்கு. கடைசில மேடத்தக் கூப்பிட்டிருக்கு.

மேடம் பேரு லீலாம்மா. கேரளாக்காரி. எங்களையும் வரச் சொன்னாவ, நானும் ஜெபக்கனியும் போனோம். ஜெபம் பண்ணிட்டுத்தான் பேச்ச ஆரம்பிச்சாவ, அதனால பொய் சொல்லமாட்டாவன்னு நானும் நம்பினேன். 'இவளுக்கு இடது காதுச் சவ்வுல பழைய கிழிசல் இருக்கு, தானா மூடியிருக்கு, மறுபடியும் கிழிஞ்சிருக்கு, உள்ளயும் கேக்குற திறன் குறைஞ்சிருக்கு. சின்னதுல விழுந்தாளா? சீழ் வடிஞ்சதா?'ன்னு கேட்டாவ. ஒண்ணும் கிடையாது, எங்க வம்சத்துல காதெல்லாம் கோயில் மணி மாதிரின்னேன். அப்ப ஹெப்சி என்னப் பாத்து ஒரு கேள்வி கேட்டா பாருங்க. 'அப்பா, நீங்க எந்தக் கையால எழுதுவீங்க?' இதென்ன கேள்வி? உங்கப்பன் என்ன பீச்சாங்கையாலயா எழுதுதான்? வலது கைன்னேன். அவ மேடத்தப் பாத்தா. மேடம் குனிஞ்சு மேசையப் பாத்தாவ. எனக்கு ஒண்ணும் புரியல. படிச்சவங்க இப்பிடித்தான், சம்பந்தமில்லாம ஒண்ணக் கேப்பாவ.

பிறகு மேடம், ஜெபக்கனி தலையச் சாச்சுச் சாச்சுக் கேக்கிறதப் பாத்துட்டு, அம்மாவும் வாங்கன்னு அந்தச் சத்தம் புகாத ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாவ. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கேட்டா கையத் தூக்குங்கம்மான்னு மேடம் சொல்லியிருக்காவ. இவ பாதி நேரம் பொம்மையாட்டம் உக்காந்திருக்கா. எனக்கு எரிச்சலாயி கண்ணாடில ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். அவ்ளோதான், ரெண்டு கையையும் தூக்கி தலையப் பொத்திக்கிட்டு முழங்காலுக்குள்ள குனிஞ்சுட்டா. ஹெட்போன் எல்லாம் கழண்டு கிடக்கு. மிஷின்ல சத்தத்த ஜாஸ்தியா வச்சிட்டாவ போல. அவளுக்கும் அதே சங்கதிதான் தம்பி. இடது. பொண்ண விட மோசமாம்.

அப்பத்தான் எனக்கு மண்டைல உறைச்சுது. அம்மாவுக்கும் இடது, பொண்ணுக்கும் இடது. அப்ப என்ன அர்த்தம்? வம்ச வியாதி! அவ அப்பன் வீட்டு வியாதி! மேடத்துக்கிட்ட கேட்டேன், இது பரம்பரையா வருமா மேடம்னு. சில வகை வரும்னாவ. அதுக்கு மேல ஏதோ ஆனான்னு இழுத்தாவ, நான் எங்க கேக்க நின்னேன்? செவிட்டுக் குடும்பத்துப் பொண்ண, அத மறைச்சு என் தலைல கட்டிட்டானுவளே! இத்தன வருஷமாத் திமிர்னு நினைச்சுல்ல அடிச்சுக்கிட்டிருந்தேன், முதல்லயே உண்மையச் சொல்லியிருந்தா நான் ஏன் கையத் தூக்கப் போறேன்? எவ்வளவு பெரிய மோசம்!

பஸ்ஸப் பிடிச்சு நேரா மச்சினன் கடைக்குப் போனேன். வேதமுத்து, அவளுக்குத் தம்பி. ஆணி, பூட்டு, பெயிண்டு விக்கிற கடை. 'வாங்கத்தான், காபி சாப்பிடுங்கத்தான்'ங்கான். காபியா கேக்குது? சட்டையப் பிடிச்சு மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்தேன். 'உங்க வீட்டுல காது கேக்காத வியாதி உண்டா இல்லியாலே?' இல்லத்தான், சத்தியமா இல்லத்தான்ங்கான். பொய் சத்தியம் வேற! விட்டேன் ஒண்ணு. பய ஆணி டப்பாமேல போயி விழுந்தான். உள்ளங்கைல ஆணி குத்தி ரத்தம் ஒழுகுது. தூக்கி நிறுத்தி அதே கன்னத்துல இன்னொண்ணு. அவன் காதப் பொத்திக்கிட்டுக் கீழ உக்காந்துட்டான். 'அத்தான், ஒரே கொய்ங்ங்குது, ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது அத்தான்'ங்கான். பாத்தீங்களா? அவன் வாயாலயே வந்துட்டுல்ல? கடைல சாமான் வாங்க வந்தவங்க எல்லாரும் சாட்சி. அவனுக்கும் இடதுதான்.

சிரிக்கீங்களா தம்பி? இல்லியா, முகம் ஒரு மாதிரி போச்சு, அதான் கேட்டேன்.

இப்ப பிரச்சன என்னன்னா, பொண்ணுக்குப் படிப்பு முடியப் போவுது, கல்யாணம் பண்ணணும்லா. எங்க சர்ச் சேகரம் முழுக்க, அத்தன ஊர்லயும் பேச்சாயிட்டு, ஐசக் சார் வீட்டுல காது வியாதின்னு. ஒரு நல்ல இடம், மும்பைல வேலை பாக்கிற பையன், அப்பிடியே பின்வாங்கிட்டாவ. நான் இடிஞ்சு போயி உக்காந்திருக்கேன். அப்ப ஹெப்சிதான் போன் பண்ணினா. 'அப்பா, நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு இலவச காது கேம்ப் போடுதோம். யுனிவர்சிட்டி வேன்லயே வாரோம். உங்க பழைய பையங்க எல்லாரையும் கூப்பிடுங்கப்பா. நீங்க கூப்பிட்டா வருவாங்க'ன்னா. எனக்கு அப்பிடியே குளுந்து போச்சு தம்பி. பாரேன், அப்பன் பேரக் காப்பாத்த பிள்ள ஒரு வழி பண்ணுதேன்னு நினைச்சேன். ஊருல எத்தன பேருக்குக் காது சரியில்லன்னு தெரிஞ்சா எம் பொண்ணு மட்டும் ஏன் குறைஞ்சவ?

கூப்பிட்டேன். போன் போட்டு ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டேன். வந்தானுவ தம்பி! தூத்துக்குடிலேருந்து, நாகர்கோவில்லேருந்து, ஒருத்தன் துபாய்லேருந்து லீவுக்கு வந்தவன். தொப்பையும் நரையுமா, பிள்ள குட்டியோட. எனக்கு ஒரு பொன்னாடை போத்தி முன்னால நாற்காலி போட்டு உக்கார வச்சாவ. நான் சும்மா இருப்பேனா, எந்திரிச்சுப் போயி எல்லாரையும் உயர வாரியா வரிசைல நிறுத்தினேன். அட்டென்ஷன்னேன். அம்புட்டுப் பேரும் விறைச்சு நிக்கானுவ! இத்தன வருஷம் கழிச்சும்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

ஒவ்வொருத்தனா உக்காந்தான். ஒரு பிள்ள லைட்டு வச்சுக் காதுக்குள்ள பாக்கும். ஹெப்சி சின்ன மிஷின் ஒண்ண வச்சுக்கிட்டுச் சத்தம் குடுப்பா. பிறகு சத்தமாச் சொல்லுவா, 'வலது சரி, இடது குறைவு.' அடுத்தவன். 'வலது சரி, இடது குறைவு.' அடுத்தவன். அதேதான். நான் முதல்ல சந்தோஷப்பட்டேன், பரவால்ல, ஊர்ல எல்லாருக்கும் இருக்குன்னு. போகப் போக எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. எல்லாப் பயலுக்கும் எப்பிடிலே இடது? 'மிஷின்ல இடது பக்கம் வயர் போயிட்டு, நிறுத்துங்க'ன்னேன். ஹெப்சி, 'நீங்க உக்காருங்கப்பா, உங்களுக்குப் பாக்கேன்'னா.

உக்காந்தேன். எனக்கு ரெண்டு காதும் கிண்ணுன்னு இருக்காம் தம்பி. இந்த வயசுல இப்பிடி ஒரு காதை நாங்க பாத்ததே இல்லேன்னு அந்த மேடமே சொன்னாவ. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு மட்டும் சரியாக் காட்டுது, மத்தவனுக்கெல்லாம் தப்பாக் காட்டுதுன்னா அது என்ன மிஷின்? கேட்டேன். அப்ப அவ எந்திரிச்சு நின்னு, அந்தக் கூட்டத்துல, மெதுவாச் சொன்னா. 'மிஷின் சரியாத்தாம்பா இருக்கு. இவங்க எல்லாரும் உங்க பையங்க. அதான்.'

அதான்னா என்ன அதான்? பெத்த அப்பன நாலு பேருக்கு முன்னால, பொன்னாடையோட நிக்கிறவன... எனக்குக் கண்ணு மறைச்சிட்டு. விட்டேன் ஒண்ணு. வெள்ளக் கோட்டோட சுருண்டு மேசைக் கால்ல போயி இடிச்சா. உதடு கிழிஞ்சு கோட்டெல்லாம் ரத்தம். மேடம் ஐயோன்னு கத்துதாவ. நான் அந்த மிஷினத் தூக்கி செவுத்துல அடிச்சேன், சில்லு சில்லாப் போச்சு. விழுந்ததக் காலால மிதிச்சேன். தடுக்க வந்த வேன் டிரைவர் நெஞ்சுல ஒரு மிதி. எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது தம்பி, அந்தக் காதுதான் ஏற்கெனவே கேக்காதே, அதுல அடிச்சா என்ன வந்துரப் போவுது? ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. அம்புட்டு ரகளைலயும் எம் பையங்க ஒருத்தன் வரிசைய விட்டு நகரல. ஒருத்தன்! அப்பிடியே நிக்கானுவ. அதாம்ல டிரில்.

கேம்ப்புக்குச் சமைக்க வந்திருந்த ஜெபக்கனி அடுப்பு பக்கத்துலேருந்து வந்தா. பிள்ளையத் தூக்கித் தோள்ல சாச்சுக்கிட்டு வேனப் பாத்து நடந்தா. 'ஏட்டி'ன்னேன். திரும்பல. 'ஏட்டி, எங்க போற?'ன்னு கத்தினேன். திரும்பல. அவளுக்கு இடது காதுதான தம்பி கேக்காது? நான் அன்னிக்கு நின்னது அவளுக்கு வலது பக்கம். அப்ப அது திமிர்தான? வேன் கதவச் சாத்திக்கிட்டா, போயிட்டா. வீட்டுல வந்து பாத்தேன். நக நட்டு, துணிமணி எல்லாம் வச்சது வச்சபடி கிடக்கு. ஆணில தொங்கின என் விசில மட்டும் காணோம். கேம்ப்புக்குக் கிளம்பும்போதே எடுத்து மடில முடிஞ்சிருக்கா போல. அவளுக்கு எதுக்கு அது? அவ யாரக் கூப்பிடப் போறா?

நானும் பொறுத்துப் பாத்தேன். போன் எடுக்க மாட்டேங்காளுவ. ஐயரு வாயத் தவறி நேத்து உளறிட்டாரு. ஹெப்சிக்கு வடக்க ஏதோ ஊருல ஆஸ்பத்திரில பயிற்சியாம், அம்மாவையும் கூட்டிட்டுப் போறாளாம், இன்னிக்குச் சாயங்காலம் ரயிலாம். எந்த ஊருன்னு கேட்டா அதுக்கு மேல வாயத் தொறக்கல. சட்டையப் பிடிச்சிருப்பேன், அங்கி போட்டிருந்தாரு, விட்டுட்டேன். போனாளுவன்னா அதோட சரி தம்பி, நான் எங்க போயித் தேட? எனக்குச் சோறு யாரு போட? அதான் விடியுமுன்னே கிளம்பிட்டேன். மயிரப் பிடிச்சு இழுத்து இந்த பஸ்லயே ஏத்திக் கொண்டுட்டு வாரேன் பாருங்க. அவ படிப்பும் போதும், இவ தோசையும் போதும். வீட்டுல போட்டுப் பூட்டினாத்தான் ரெண்டும் வழிக்கு வரும்.

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வாரேன், நீங்க ஒரு வார்த்த பேசமாட்டேங்கீங்களே. பேரென்ன தம்பி? கோயில்பிள்ளையா? நல்ல பேரு, இப்பல்லாம் யாரு வைக்கா. எங்க படிச்சீங்க?

ஏ! நம்ம பள்ளிக்கூடமா! அட, சொல்லவே இல்லியே நீ! தாடியும் வழுக்கையுமா இருந்தா எனக்கு எப்பிடிலே தெரியும்? உனக்கு என்னத் தெரிஞ்சுதா? ஏறும்போதேவா? பின்ன ஏம்ல வாய மூடிக்கிட்டு வந்த? கேம்ப்புக்கு வந்திருந்தியா? வரிசைல நின்னியா? சபாஷ். நான் அடிச்சிருக்கேனா உன்ன? எதுக்கு? மார்ச் பாஸ்ட்ல கால் மாத்தி வச்சியா? பின்ன, அதுக்கு அடிக்காம முத்தமா குடுப்பாவ? அடிச்சதுனாலதான இன்னிக்கு நல்லா இருக்க.

ஓ, அதான் என்ன இந்தப் பக்கம் உக்காரச் சொன்னியா. வலது காதுலதான் கேக்குமா. அது தெரியாம நான் வேற... சரி விடு. இன்னிக்கு என்ன சோலியா அங்க போற? மிஷின் மாட்டவா? ஹெப்சி வரச் சொன்னாளா, போறதுக்கு முன்ன மாட்டிவிடுதேன்னு? பாத்தியா, ஊராருக்கெல்லாம் செய்வா. பெத்த அப்பன்னா மட்டும் ஆவாது.

அந்தா கேட்டு தெரியுது. சிலுவை போட்ட வளைவு, அதான? அதேதான். எந்திரி, இறங்குவோம். கோயில்பிள்ளை, எந்திரிப்பா. கண்டக்டர் விசிலடிச்சிட்டான், வண்டி நின்னுட்டு. எந்திரி. என்ன முன்னாடியே பாத்துக்கிட்டு இருக்க? ரெண்டு முழங்காலையும் முன் சீட்டுல ஏம்ல முட்டுக்கொடுத்து வச்சிருக்க? காலை எடு, நான் போணும். உனக்கும் இங்கதானலே இறங்கணும்? மிஷின் மாட்ட வேண்டாமா? இன்னிக்கு விட்டா அவளும் இல்ல, உனக்கு மிஷினும் இல்ல. உனக்குத்தாம்ல சொல்லுதேன்.

கண்டக்டர்! ஏ, கண்டக்டர்! இந்தக் கூட்டத்துல அவனுக்கு எங்க கேக்கப் போவுது. என் விசில் மட்டும் இருந்துச்சுன்னா ஒரு ஊது ஊதி நிறுத்தியிருப்பேன், மூதேவி எடுத்துட்டுப் போயிட்டா. கோயில்பிள்ளை, மரியாதையாச் சொல்லுதேன். எந்திரிக்கியா, வாங்கப் போறியா? சவம், கைய ஓங்க விடமாட்டேங்குதே இந்தக் கம்பி! ஏலே, அது என்ன, வலது காதுக்குள்ள விரல விடுத? அது நல்ல காதுலே! அதுலதானலே உனக்குக் கேக்கும்? விரல எடுலே!

ரெண்டு விசில் குடுத்துட்டான். வண்டி நகருது. ஏலே, கேட்டு போவுதுலே! அசையுலே! கோயில்பிள்ளை, அசையுலே! கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, யாருலே உனக்கு இப்பிடிச் சொல்லிக் குடுத்தது?